நாகா சால்வையும் அதை அணியும் உரிமையும்

தில்லியில் ஒரு கைவினைச் சந்தையில் ‘நாகா சால்வை’ என்று சொல்லி விற்ற துணி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சிவப்பும் கருப்புமான பட்டைகள், நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் யானை, புலி, மனிதத் தலை ஆகிய உருவங்கள் என்று அதை விவரித்திருக்கிறீர்கள். அது அசல்தானா என்பது உங்கள் முதல் கேள்வி. வடகிழக்கைச் சேர்ந்த நண்பர் ‘இதை நீ போர்த்தக்கூடாது’ என்றாரே, அது சரியா என்பது இரண்டாவது. இந்தக் கைவினைகள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும்தான் பிழைத்திருக்கின்றனவா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நாகர்களிடையே ஒரு துணிக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையே நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நூலும் தறியும் அந்த மதிப்பைத் தருகின்றனவா, அல்லது அதை அணியும் உரிமையை ஒருவருக்கு வழங்குகிற ஊர் தருகிறதா? நான் நெசவு வடிவமைப்பில் பயிற்சி பெற்றவன். வடகிழக்கு மலைகளின் இடுப்புத்தறி நெசவாளர்களோடு பல ஆண்டுகள் பணியாற்றியவன். நாகர் அல்லேன், கடைத்தெருப் பேச்சான நாகாமீஸைத் தவிர அவர்களுடைய மொழிகளில் எதையும் சரளமாகப் பேசவும் மாட்டேன். ஆகவே துணியைப் பற்றி உறுதியாகவும், அதைச் சூழ்ந்த நம்பிக்கைகளைப் பற்றிச் சற்றுத் தயக்கத்தோடும் எழுதுகிறேன்.

நீங்கள் விவரிக்கும் துணி ‘நாகா சால்வை’ என்ற பொதுப் பெயருக்கு உரியதன்று. நாகர் என்பது ஒரே குலத்தின் பெயருமன்று. ஆவோ, அங்காமி, சாகேசாங், லோதா, சூமி, கோன்யாக், சாங்தம், ரெங்மா, போம், சாங், கியாம்னியுங்கன் என்று நாகாலாந்துக்குள்ளேயே பல குலங்கள் இருக்கின்றன. மணிப்பூரின் தாங்குல், மாவ், போமாய் மக்களும், அசாம், அருணாசலப் பிரதேசம், எல்லைக்கு அப்பால் மியான்மர் ஆகிய இடங்களில் வாழ்பவர்களும் நாகர்களே. ஒவ்வொரு குலத்துக்கும் தனி மொழி, தனித் துணிகள். வெள்ளைப் பட்டையில் உருவங்கள் தீட்டிய சால்வை ஆவோ மக்களுடையது. அதன் பெயர் சுங்கோதெப்சு. அது ஆண்கள் அணிவது. வெள்ளைப் பட்டையில் மிதுன் என்னும் அரைக்காட்டு மாடு, யானை, புலி, சேவல், ஈட்டி, தாவ் என்னும் அகன்ற வெட்டுக்கத்தி, மனிதத் தலை ஆகியவை வரிசையாக வரும். துணியை நெய்வது பெண்கள். வெள்ளைப் பட்டையில் தீட்டுவது ஆண்கள், பெரும்பாலும் முதியவர்கள். ஒரு மரத்தின் பாலோடு அரிசிக் கள்ளையும் இலைச் சாம்பலையும் குழைத்துச் செய்த கரிய மையை, கூர்மையாகச் சீவிய மூங்கில் குச்சியால் தொட்டு, அச்சு எதுவும் இல்லாமல் கையாலேயே வரைவார்கள்.

முற்காலத்தில் இதை வேண்டியவரெல்லாம் போர்த்திக்கொள்ள முடியாது. போரில் பகைவர் தலையைக் கொண்டுவந்தவரோ, மிதுனைப் பலியிட்டு ஊருக்கு விருந்து வைத்தவரோதான் இதற்கு உரியவர். போரைப் பற்றி வெளியில் நிறையவே பேசப்படுகிறது. விருந்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நாகர்களின் துணியைப் புரிந்துகொள்ள விருந்தே முக்கியம் என்பது என் கருத்து. ஆவோ, லோதா, அங்காமி, சாகேசாங், சூமி, ரெங்மா எனப் பல குலங்களில், விளைச்சலில் மிகுதி கண்ட ஒரு குடும்பம் படிப்படியாகப் பெருகும் விருந்துகளை ஊருக்கு வைத்தது. ஒவ்வொரு படிக்கும் செலவு கூடும். பல ஆண்டுகள் சேர்த்த நெல்லும் பன்றிகளும் மாடுகளும் சில நாள்களில் ஊரார் வயிற்றுக்குள் போய்விடும். மணமாகாதவர் இதைச் செய்ய இயலாது; கணவனும் மனைவியும் இணைந்தே செய்ய வேண்டும். செல்வத்தைக் கொடுத்துவிட்ட குடும்பத்துக்கு ஊர் திருப்பித் தந்தவை சில அடையாளங்கள்: வீட்டு முகப்பில் கொம்பு போல் எழும் மரச் சட்டங்கள், செதுக்கிய முன்பலகைகள், அங்காமி, சாகேசாங் ஊர்களில் பலர் கூடி இழுத்து வந்து நட்ட பெருங்கல், இவற்றோடு ஒரு குறிப்பிட்ட சால்வை. சாகேசாங் மக்களிடம் இவ்வாறு விருந்து கொடுத்த இணையருக்கே உரிய சால்வைகள் இருந்தன. அவற்றைத் தகுதியில்லாமல் போர்த்துவது அடக்கமின்மை என்பதோடு நில்லாமல் கேடு விளைவிக்கும் என்றும் நம்பப்பட்டது. எனவே அந்தச் சால்வை, கொடுத்துத் தீர்த்த செல்வத்துக்கு ஊர் வழங்கிய சான்றிதழ். இன்றைய ஒரு பட்டயத்தை விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ, உரிமையில்லாமல் அதைப் போர்த்துவதும் அன்று அப்படித்தான் இருந்தது.

இனி தறி. நாகர்களின் இடுப்புத்தறிக்கு மரச்சட்டம் கிடையாது. பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், ஒரு முனைக் கழியைச் சுவரிலோ தூணிலோ கட்டி, மறுமுனைக் கழியை முதுகைச் சுற்றி வரும் வாரால் இடுப்போடு பிணைத்து, பெண் தரையிலோ தாழ்ந்த பலகையிலோ கால்களை நீட்டி அமர்கிறாள். அவள் பின்னுக்குச் சாய்ந்தால் பாவு இறுகும். முன்னுக்கு வந்தால் தளரும். நெசவின் இறுக்கம் முழுவதும் அவள் உடலிலிருந்து வருகிறது. நம் குழித்தறியில் பாவு இழைகளை இடைவெளி விட்டு நிறுத்தும் அச்சு இதில் இல்லாததால், இழைகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். குறுக்கே ஓடும் ஊடை இழை உள்ளே மறைந்து பாவின் நிறமே துணியின் நிறமாகத் தெரியும். நாகர் துணிகளில் நீளவாட்டுக் கோடுகள் ஆள்வதற்கு இதுவே காரணம். பூ வேலை வேண்டிய இடத்தில் கூடுதல் ஊடையை விரலாலோ மூங்கில் குச்சியாலோ இழை எண்ணிக் கோப்பார்கள். கை எட்டும் அகலம்தான் துணியின் அகலம், ஏறத்தாழ ஒன்றரை அடி. எனவே ஒரு சால்வைக்கு இரண்டு அல்லது மூன்று துண்டுகளைத் தனித்தனியே நெய்து பக்கவாட்டில் தைத்து இணைக்க வேண்டும். வேலையைப் பொறுத்து இது வாரக்கணக்கில் ஆகும். பாதி நெய்த துணியைக் கழிகளோடு சுருட்டி மூலையில் சாத்திவிட்டு வயலுக்குப் போகலாம், திரும்பி வந்து தொடரலாம். பட்டறையோ முதலீடோ தேவைப்படாத இந்த எளிமைதான், எத்தனையோ இடையூறுகளைக் கடந்து இந்தத் தறி இன்னும் வீடுகளில் இருப்பதற்குப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆண்கள் தறியைத் தொடக்கூடாது என்ற விலக்கு பெரும்பாலான குலங்களில் இருந்தது. கூடை முடைவதும் மரம் செதுக்குவதும் இரும்பு வேலையும் ஆண்களின் தொழில்கள்.

பொருள்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘காட்டில் தனித்து வாழ்ந்த மக்களின் கலை’ என்ற தவறான எண்ணத்தை அவை உடைத்துவிடும். பருத்தியை மலைச்சரிவின் எரிபுனங்களில் தாங்களே விளைவித்தார்கள். மிகுந்ததைச் சமவெளிக்கு விற்றார்கள். சாகேசாங், கியாம்னியுங்கன் மக்கள் செந்தட்டி போன்ற சுணைச் செடியின் நாரிலிருந்தும் நூல் எடுத்தார்கள். பெக் மாவட்டத்தின் லெஷெமி ஊரில் அந்த நெசவு இன்றும் நடக்கிறது. கருநீலச் சாயம் தந்த செடி, நம் மலைகளில் பூக்கும் நீலக்குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. சிவப்பு, மஞ்சிட்டி வேரிலிருந்து வந்தது. அணிகலன்களோ நெடுந்தொலைவிலிருந்து வந்தவை: செம்மணிக் கற்கள் குஜராத்தின் கம்பாத்திலிருந்தும், கண்ணாடி மணிகள் வெனிஸ் வரையிலான வணிகத்திலிருந்தும் வந்து சேர்ந்தன. அங்காமி ஆண்கள் பிடரியில் தொங்கவிட்ட பெரிய வெண்சங்கு மலைநாட்டில் கிடைப்பதன்று. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நம் முக்குளிப்போர் எடுத்த சங்குகள் வங்காளத்துச் சங்கறுப்போரிடம் போயின. வங்காளத்திலிருந்து வணிகர் கைகள் வழியே நாகர் மலைக்கு ஏறின. தூத்துக்குடிக் கடலடியில் கிடந்த ஒன்று கோஹிமா மலையில் ஒரு வீரனின் பெருமையாக மாறியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

உங்கள் துணி அசலா என்ற கேள்விக்கு, படத்தையோ விவரிப்பையோ மட்டும் வைத்து எவராலும் நேர்மையான தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பார்க்கக்கூடிய சில குறிகள் உண்டு. சால்வை இரண்டு மூன்று துண்டுகளாக இணைக்கப்பட்டிருக்கிறதா, இணைப்புத் தையல் கையால் போடப்பட்டதா என்று பாருங்கள். துணி கனமாக, பாவு இழைகள் நெருங்கி, ஊடை மறைந்திருந்தால் அது இடுப்புத்தறியை நோக்கிச் சுட்டும். பூ வேலை இருந்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள்: கையால் கோத்த கூடுதல் ஊடை துணியின் இழைகளோடு இணைந்து ஓடும், எந்திரப் பூத்தையலில் அடிநூல் ஒன்று தனியாகப் பின்பக்கம் முழுவதும் படர்ந்து கிடக்கும். வெள்ளைப் பட்டையில் ஒரே யானை அச்சு அசலாக மீண்டும் மீண்டும் வந்தால் அது அச்சடித்தது. கோட்டுக்குக் கோடு சிறு வேறுபாடு இருந்தால் கையால் தீட்டியது. ஒரே அகலத்தில், தையல் இல்லாமல், மெல்லியதாக இருந்தால் சட்டத்தறியிலோ விசைத்தறியிலோ நெய்ததாக இருக்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. சட்டத்தறியில் நெய்பவர்களிலும் நாகப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைப் போலி என்று தள்ளுவது அநியாயம். அதேபோல் செயற்கை நூலால் நெய்திருப்பதும் குற்றமன்று. ஆலையில் நூற்ற பருத்தியும் அக்ரிலிக் நூலும் கடைகளுக்கு வந்த பிறகு, நூற்பதிலும் சாயமிடுவதிலும் கழிந்த நாள்களைப் பெண்கள் மிச்சப்படுத்திக்கொண்டார்கள். தங்கள் திருமணத்துக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் நெய்யும் துணிகளே பெரும்பாலும் அக்ரிலிக்கில்தான் இருக்கின்றன. இயற்கைச் சாயம் வேண்டும், கைந்நூல் வேண்டும் என்று வற்புறுத்துவது பெரும்பாலும் வெளியூர் வாங்குவோரான நாம்தான்.

உருவங்களின் பொருளைப் பற்றி விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மிதுன் செல்வத்தையும் விருந்தையும் குறிக்கிறது, மனிதத் தலை போர் வெற்றியைக் குறிக்கிறது, யானையும் புலியும் வேட்டைத் திறனைக் குறிக்கின்றன என்பவை ஆவோ மக்களே ஒப்புக்கொள்பவை, இவற்றில் ஐயமில்லை. ஆனால் சிவப்பு என்றால் குருதி, கருப்பு என்றால் மரணம், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பொருள் என்று அட்டையில் அச்சிட்டுத் தருவது வேறு சங்கதி. ஊருக்கு ஊர், மூத்தோருக்கு மூத்தோர் விளக்கம் மாறும். ‘அழகுக்காகப் போட்டோம், எங்கள் பாட்டியும் போட்டாள்’ என்று நெசவாளரே சிரித்துக்கொண்டு சொல்வதும் உண்டு. நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி, ஹட்டன், மில்ஸ் ஆகிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1920களில் எழுதியவை. தொழில்நுட்ப விவரங்களில் அவை கூர்மையானவை. ஆனால் ஆளும் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் வழியே, பெரும்பாலும் ஆண்களிடம் கேட்டு எழுதியவை. நெசவு பெண்களின் அறிவு என்பதை எண்ணிப் பார்த்தால் எவ்வளவு விடுபட்டிருக்கும் என்பது விளங்கும். அந்தக் காலத்தில் திரட்டிச் சென்ற பொருள்களே இன்று ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் உலகின் மிகப் பெரிய நாகர் சேகரிப்பாக இருக்கின்றன. அங்குள்ள மூதாதையர் எச்சங்களைத் திரும்பப் பெறுவது பற்றி நாகர்களே இப்போது பேசி வருகிறார்கள்.

முறிந்து போனவற்றை மறைக்கக்கூடாது. 1872இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மறைப்பணியாளர் ஈ. டபிள்யூ. கிளார்க் ஆவோ மலைக்கு வந்து சேர்ந்தார். பள்ளியும் எழுத்தும் அவரோடும் அவருக்குப் பின் வந்தவர்களோடும் வந்தன; அவற்றை இன்றைய நாகர்கள் நன்றியோடு நினைக்கிறார்கள். ஆனால் மதம் மாறியவர்கள் அரிசிக் கள்ளையும், பலியோடு கூடிய விருந்துகளையும், மோருங் என்னும் இளைஞர் இல்லத்தையும் விட வேண்டியிருந்தது. விருந்து நின்றதும் சால்வைக்கான உரிமை பிறக்கும் இடம் அடைபட்டது. மோருங் வெறும் உறங்குமிடமன்று; பையன்கள் கூடை முடையவும் மரம் செதுக்கவும் பாடவும் வரலாறு கேட்கவும் கற்ற இடம் அதுதான். அதன் அருகில்தான் ஒரே பெருமரத்தைக் குடைந்து செய்த மரமுரசு கிடக்கும். காட்டில் வெட்டிய மரத்தை ஊரே கூடிக் கொடிக்கயிறு கட்டி இழுத்து வரும். வரிசையாக நின்று மரக்கட்டைகளால் தட்டினால் தீயா, பகையா, இறப்பா, கொண்டாட்டமா என்று தாளத்தைக் கேட்டே அடுத்த மலை அறிந்துகொள்ளும். ஆவோ ஊர்களில் மோருங் முதலில் மறைந்தது. மியான்மர் எல்லையை ஒட்டிய மோன் மாவட்டத்துக் கோன்யாக் மக்களிடையே மதமாற்றம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவலாயிற்று. அதனால் இருவாட்சி, புலி, மிதுன் உருவங்கள் செதுக்கிய மோருங் தூண்களும், செதுக்கும் கைகளும், தாவ் அடிக்கும் கொல்லர்களும் அங்கே கூடுதல் காலம் தங்கினார்கள்.

அப்படியிருந்தும் இவையெல்லாம் சுற்றுலாவுக்காக மட்டும் உயிரோடிருக்கின்றன என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். 2000இல் தொடங்கி, இப்போது ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் 10 வரை கோஹிமாவுக்கு அருகில் கிசாமாவில் நடக்கும் ஹார்ன்பில் திருவிழாவை மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. அங்கே மோருங்குகள் மாதிரிகள். நடனங்கள் மேடைக்கு ஏற்பச் சுருக்கப்பட்டவை. ஆனாலும் அந்த மேடைக்காக ஓர் ஊர் தன் மூத்தோரிடம் பாட்டைக் கேட்டுப் பயிலும்போது நடக்கும் கற்றல் உண்மையானது. திருவிழாவுக்கு வெளியே பாருங்கள். நாகர் திருமணத்துக்குப் போனால் பெண்கள் அவரவர் குலத்து மேகலா என்னும் சுற்றுப்பாவாடையில் வந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சால்வைகளைப் பார்த்தே யார் எந்தக் குலம் என்று சொல்லிவிடலாம். விருந்தினரை மதிக்கவும் இறந்தவரைப் போர்த்தவும் சால்வையே வேண்டும். விருந்தையும் போரையும் சார்ந்திருந்த உரிமை, குலத்தையும் உறவையும் சார்ந்ததாக மாறியிருக்கிறது. சுங்கோதெப்சுவை இன்று எந்த ஆவோ ஆணும் பெருமையோடு போர்த்தலாம். தறியிலிருந்து வரும் வருமானம் நேரடியாகப் பெண் கைக்குப் போய்ப் பள்ளிக் கட்டணமாகிறது. கோனோமாவைப் போன்ற அங்காமி ஊர்களில் நெல்லும் விறகும் இன்னும் நெற்றிப்பட்டையில் தொங்கும் பிரம்பு, மூங்கில் கூடைகளில்தான் படிவயலிலிருந்து மேலேறுகின்றன. அந்தக் கூடையை முடைபவர் கண்காட்சிக்காக முடையவில்லை. மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்தில் லோங்பி ஊரின் தாங்குல் நாகர்கள், பாம்புக்கல் என்னும் ஒருவகைப் பாறையைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து, சக்கரமே இல்லாமல் கையால் பானை வனைந்து, திறந்த தீயில் சுட்டு, சூடு ஆறுமுன் இலையால் தேய்த்துக் கரிய பளபளப்பு ஏற்றுகிறார்கள். முன்பு சடங்குக்கும் சமையலுக்கும் ஆன அந்தப் பானை இப்போது பெருநகரங்களுக்கும் போகிறது. அவர்கள் வீட்டு அடுப்பிலும் இருக்கிறது. உண்மையாகவே நலிந்திருப்பது முதியவர் கையால் தீட்டும் ஓவியமும், இயற்கைச் சாயமும், பெருமரச் செதுக்கலும்தான். இருவாட்சி இறகு காட்டுயிர்ச் சட்டத்தால் காக்கப்படுவதால் தலையணிகளில் செயற்கை இறகு வருவதை இழப்பாக நான் கருதவில்லை. பறவை பிழைத்திருப்பதே மேல்.

கடைசியாக உங்கள் நண்பர் சொன்னது. சட்டப்படி உங்களைத் தடுப்பது எதுவுமில்லை. அரசமைப்பின் 371ஏ பிரிவு நாகர்களின் வழக்குச் சட்டங்களையும் சமூக, சமய நடைமுறைகளையும் காக்கிறது. அது துணி வடிவங்களுக்கான காப்புரிமை அன்று. சாகேசாங் சால்வைகளுக்கு அந்தச் சமூகத்தின் பெண்கள் அமைப்பே முயன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அது வேறிடத்தில் நெய்த துணியை அந்தப் பெயரில் விற்பதைத் தடுக்குமே தவிர, யார் அணியலாம் என்பதைத் தீர்மானிக்காது. ஆனால் சட்டத்துக்கு அப்பால் நண்பரின் மனக்குறையில் நியாயம் உண்டு. இந்த வடிவங்களை வெளியார் காலணியிலும் மெத்தை உறையிலும் அச்சடித்து விற்றபோது நாகர் அமைப்புகள் பலமுறை எதிர்ப்புத் தெரிவித்திருக்கின்றன; ஆணின் வீரச் சால்வையைப் பெண்ணின் பாவாடையாக வெட்டித் தைப்பது அவர்களை ஆழமாகப் புண்படுத்துகிறது. என் நடைமுறையைச் சொல்கிறேன்: உரிமைச் சால்வைகளை நான் பரிசாகக் கிடைத்தால் ஏற்றுக்கொண்டு தோளில் போர்த்துவேன், நானாக வாங்கி விழாக்களுக்கு அணிய மாட்டேன். விலைக்கு வாங்கும்போது, வெளியாருக்கென்றே அவர்கள் நெய்யும் துண்டுகளையும் மேசை விரிப்புகளையும் பைகளையும் பொதுவான சால்வைகளையும் தேர்ந்தெடுப்பேன். அவற்றிலும் அதே தறிதான், அதே கைகள்தான், எவருக்கும் மனக்குறை இல்லை. உங்களிடம் இருப்பதை வீட்டில் விரித்து வைப்பதிலோ, குளிருக்குப் போர்த்துவதிலோ பெரும்பாலான ஆவோ மக்கள் குறை காண மாட்டார்கள்; வெட்டித் தைக்காதீர்கள், தரையில் விரிக்காதீர்கள், அரைக்குக் கீழே அணியாதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது எந்தக் குலத்துத் துணி, எந்த ஊர், யார் நெய்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். நெய்தவரையோ அவருடைய ஊரையோ அறிந்த கடைக்காரர் மகிழ்ச்சியாகச் சொல்வார். ‘எல்லாம் நாகா சால்வைதான்’ என்று மட்டும் பதில் வந்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.